நீலக்காவின் வெள்ளை

நீலக்கா வெள்ளைக்கொடி ஏற்றினாள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு நாளாவது துணி துவைத்திருக்க மாட்டார்கள். ஒன்பது நாள் விடாமல் பெய்த மழை நின்று பத்தாம் நாள் சுள்ளென்று வெயில் அடித்தால் துவைக்கிறவளுக்குப் புத்தி எங்கே போகும் என்று துவைக்கிறவளைத்தான் கேட்க வேண்டும். நான் எதிர் வீட்டில் பூட்டுச் சாவிக் கடை வைத்திருக்கிறவன். முப்பத்தோரு வருடமாக அவள் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியாதது இவர்களுக்கு என்ன தெரிந்துவிட்டது?

அவளுடைய நிஜப் பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. கடைசி அலசலில் நீலம் போடுகிறபோது பக்கத்தில் ஈயைக்கூட விடமாட்டாள். குப்பியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிச் சொட்டுகளை எண்ணுவாள். நீலம் கூடினால் துணியில் திட்டு விழும், குறைந்தால் பழுப்புத் தட்டும். அவள் சலவை செய்த வெள்ளையைப் பார்த்தால் நம் சட்டையைப் பார்க்க நமக்கே கூச்சமாக இருக்கும். வாத்தியார் ஒரு முறை, "காலர்ல லேசா ஒரு கோடு மாதிரி இருக்கே நீலம்மா" என்று சொல்லிவிட்டார். அந்தச் சட்டையை மூன்று தடவை திரும்பத் துவைத்துப் போட்டுவிட்டு, ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கோடு துணியில் இல்லை, அவருடைய மூக்குக்கண்ணாடியில்தான் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

சண்டை தொடங்கி அப்போது நாலு மாதம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் குன்றின்மேல் அவர்களுடைய பீரங்கிகள். நடுவில் ஒரே ஒரு பாலம். பாலத்தின் இந்த முனையில் எங்கள் ஊர்ப் பையன்கள் மணல் மூட்டை அடுக்கி உட்கார்ந்திருந்தார்கள். அதில் நீலக்காவின் ஒரே மகனும் ஒருத்தன். குன்றின்மேல் இருந்தவர்கள் காலையில் ஒன்பது மணிக்கு ஒரு அரை மணி நேரம், மாலையில் நாலு மணிக்கு ஒரு அரை மணி நேரம் குண்டு போடுவார்கள். ஆபீசுக்கு வந்து போகிறவர்கள் மாதிரி நேரம் தவறமாட்டார்கள். நாங்களும் அதற்குத் தகுந்தாற்போல அடுப்பு மூட்டி, தண்ணீர் பிடித்து, மூன்று மணி ஐம்பதுக்கெல்லாம் நிலவறைக்குள் இறங்கிவிடப் பழகிக்கொண்டோம்.

நீலக்கா மட்டும் இறங்குவதில்லை. அவள் புருஷனை இறக்க முடியாது. அவர் தேய்ப்பவர், தெருவுக்கே பெட்டிக்காரர். இரண்டாம் மாதம் பின்கட்டுச் சுவர் சரிந்தபோது துணி காயப்போடும் கம்பங்களோடு சேர்த்து அவருடைய வலது காலையும் நசுக்கிவிட்டது. தொடை வரை மாவுக்கட்டு. ஆள் வேறு நல்ல கனம். என் கடைக்கு அடியில் இருந்த எங்கள் நிலவறைக்கு இறங்குவது ஏணி வழியாக, அதுவும் ஓராள் பக்கவாட்டில் போகிற அகலம். நாலு பேர் தூக்கி முயற்சி செய்து பார்த்தோம். பாதியில் சிக்கிக்கொண்டு, "விடுங்கடா, மேலயும் இல்லாம கீழயும் இல்லாம சாகறதுக்கு என் மேசை கிட்டயே சாகறேன்" என்று கத்தினார். அதிலிருந்து முன்னறையில் மேசைக்குப் பக்கத்திலேயே கட்டில். கட்டுக் காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே கரிப்பெட்டியை ஓட்டினார். குண்டு விழும் நேரத்தில் நீலக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மடித்த துணிக்கு எண் தைத்துக்கொண்டிருப்பாள்.

ஆஸ்பத்திரித் துணி முழுக்க அவளிடம்தான் வந்தது. ஊரில் இருந்த பெரிய சலவை நிலையம் முதல் வாரமே எரிந்துபோயிருந்தது. தினமும் நாற்பது விரிப்பு வரும். ரத்தக் கறையை முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொண்டுவிடும். உப்புப் போட்டுக் கசக்கி, சோடாவில் அவித்து, மூன்று அலசல் அலசி, நீலம் போட்டு, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிய வேண்டும். முறுக்குவதற்கு நான் போவேன். பூட்டு ரிப்பேருக்கு யார் வருகிறார்கள்? கதவே இல்லாத வீடுகள்தான் பாதி.

மழை பெய்த ஒன்பது நாளும் அந்த விரிப்புகள் காயவில்லை. முன்னறையில், மாடிப்படியில், என் கடையில், எங்கே பார்த்தாலும் ஈரத்துணி. பூஞ்சை வாடை. பெட்டிக்காரர் ஈரத்தின்மேல் பெட்டி ஓட்டி ஓட்டிக் கரியைத் தீர்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய நர்ஸ் வந்து வாசலில் நின்று அழாத குறையாகப் பேசினார்.

"ஈரத்துல படுத்து ஏழு பேருக்கு முதுகு புண்ணாயிடுச்சு நீலக்கா. குண்டடி பட்டுப் பொழைச்சவங்க பெட்ஷீட்டால சாகப் போறாங்க."

"நான் என்னம்மா பண்ண? வானத்தைப் பிழிஞ்சு போட முடிஞ்சா போட்டுருவேன்."

பத்தாம் நாள் காலையில் வெயில் வந்தது. நீலக்கா வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு முகத்தை நான் அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அடுத்த அரை மணி நேரத்தில் அவள் மாடி, என் மாடி, வாத்தியார் வீட்டு மாடி மூன்றிலும் கயிறு கட்டியாகிவிட்டது. பின்கட்டுதான் இல்லையே, வேறு எங்கே போடுவது? நாற்பது விரிப்பையும் வரிசையாக, ஓரம் ஓரமாகப் பொருத்தி, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்து மாட்டினாள். மூன்று மாடியும் வெள்ளை வெளேரென்று காற்றில் ஆடின. நானும் வாத்தியாரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தோம். எங்கள் மூன்று பேருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அன்று ஒன்பது மணிக்குக் குண்டு போட்டார்கள். எங்கள் தெருவில் ஒன்றும் விழவில்லை. மாலையிலும் விழவில்லை. மறுநாள் இன்னொரு நாற்பது விரிப்பு மாடிக்குப் போனது. அன்றைக்கும் விழவில்லை. பக்கத்து ரொட்டிச் சந்தில் மூன்று பேர் போனார்கள், காய்கறி மார்க்கெட் கூரை போனது, எங்கள் தெருவில் ஒரு கண்ணாடிகூட அதிரவில்லை. நமக்கு நேரம் நன்றாக இருக்கிறது என்று நினைத்தோம். நீலக்கா இரண்டு நாளும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டில் காலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். மூன்று மாதத்துக்குப் பிறகு தூங்குகிறாள் என்று பெட்டிக்காரர் பெட்டியைச் சத்தமில்லாமல் வைத்து எடுத்தார்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் குன்றின்மேல் ஒலிபெருக்கி கரகரத்தது.

"பாலத்துக்கு நேர் எதிரே உள்ள தெருவில் வெள்ளைத் துணி ஏற்றியவர்களுக்கு நன்றி. உங்கள் முடிவை மதித்து இரண்டு நாளாக உங்கள் தெருவைத் தொடவில்லை. இனியும் தொடமாட்டோம். இன்று மாலை நாலு மணிக்கு எங்கள் ஆட்கள் உங்கள் தெருவுக்கு வருவார்கள். அவரவர் வாசலில் நில்லுங்கள். பாலத்தில் இருக்கும் உங்கள் பிள்ளைகளைத் துப்பாக்கியைக் கீழே போடச் சொல்லுங்கள். மற்ற தெருக்காரர்களும் இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்."

நீலக்கா முழங்கை வரை சோடாத் தண்ணீரில் இருந்தாள்.

"யாரு என்னத்த ஏத்தினது?" என்று என்னைக் கேட்டாள்.

நான் மேலே பார்த்தேன். அவளும் பார்த்தாள். கையை வெளியே எடுத்தாள், துடைக்கக்கூட இல்லை. சோடாத் தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே நின்றாள்.

"அய்யோ பூட்டுத் தம்பி," என்றாள் மெல்ல. "நான் காயத்தானே போட்டேன்."

இத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. விடியற்காலையில் பாலத்துக்கு ரொட்டி கொண்டுபோகும் அம்மா திரும்பி வந்தாள். கூடையை வாசலில் வைத்தாள். எப்போதும் வாய் ஓயாதவள், அன்றைக்கு ஒரு சீட்டை மட்டும் எடுத்து நீட்டினாள். நீலக்காவுக்குக் கை ஈரம். பெட்டிக்காரர் வாங்கிப் படித்தார். முதல் வரியைச் சத்தமாகப் படித்தவர் அப்புறம் நிறுத்திவிட்டார்.

"படிங்க," என்றாள்.

"வேணாம்."

"என் பிள்ளை எனக்கு எழுதினது. படிங்க."

படித்தார்.

"அம்மா, பாலத்துலேர்ந்து நம்ம மாடி நல்லாத் தெரியுது. ரெண்டு நாளா வெள்ளையாத் தெரியுது. கூட இருக்கற பசங்க உங்க வீடு எதுடான்னு கேக்கறாங்க. நான் இன்னும் காட்டலை. அப்பா கால் எப்படி இருக்கு."

அவ்வளவுதான் எழுதியிருந்தான். திட்டி எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். வெட்கத்தில் அவள் காது மடல் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஒன்பது மணிக் குண்டு தொடங்கியது. காய்கறி மார்க்கெட் பக்கம்தான் விழுந்தது. எங்கள் தெருவில் எல்லோரும் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். நிலவறைக்கு இறங்க வேண்டிய அவசியம் இல்லாதவர்கள் அல்லவா? ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

குண்டு ஓய்ந்ததும் தெருவே அவளுடைய சலவை அறையில் கூடிவிட்டது. அண்டாவிலிருந்து ஆவி, யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. முதலில் பேசியது வாத்தியார்தான். அவருக்கு நாலு பெண் குழந்தைகள், கடைசிக்கு இரண்டு வயது.

"நான் சொல்றதைக் கேட்டுக் கோபப்படக் கூடாது. துணி தொங்குது. தொங்கட்டுமே. நாம ஒண்ணும் சரணடையலை, துணி காயப் போட்டோம். அவங்களா நினைச்சுக்கிட்டா அதுக்கு நாமளா பொறுப்பு?"

"நாலு மணிக்கு வரேங்கறானே வாத்தியாரே. வந்தா காபி போட்டுக் குடுப்பீங்களா?" என்றேன்.

"வந்தா வரட்டும்யா. பாலத்தைத் தாண்டினாத்தானே வர முடியும்."

"பாலத்துல இருக்கறது யாரு?" என்றாள் ரொட்டிக்காரம்மா. "பின்னாடி நம்ம வீட்டு மாடியிலேயே வெள்ளை பறக்குதுன்னா அந்தப் பிள்ளைங்க எதுக்குய்யா முன்னாடி பாத்து நிக்கணும்? என் சந்துல மூணு பேர் போயிட்டாங்க. உங்க தெருவுக்கு விழவேண்டியது எங்க தலையில விழுது. அதையும் சொல்லிடறேன்."

வாத்தியார் கெட்டவர் இல்லை. இரண்டு நாளாக அவர் வீட்டுக் குழந்தைகள் தெருவில் விளையாடியதை நான் பார்த்தேன். அந்த ஆசையை விட யாருக்குத்தான் மனசு வரும்?

இந்தச் சமயத்தில் பெரிய நர்ஸ் வந்து சேர்ந்தார், காய்ந்ததை வாங்கிப்போக. விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார்.

"எறக்கிட்டு உள்ள போட்டுக் காயவைக்க முடியாதா?"

"ஒன்பது நாள் உள்ளதானே போட்டேன்," என்றாள் நீலக்கா. "ஏழு பேர் முதுகு புண்ணாச்சுன்னு நீதானே சொன்னே."

"இப்ப பதினொண்ணு," என்றார் நர்ஸ்.

மாடியில் போட்டால் சரணாகதி, வீட்டுக்குள் போட்டால் புண். எல்லோரும் நீலக்காவைப் பார்த்தோம். அவள் எங்களைப் பார்க்கவில்லை. கதவு வழியாக முன்னறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் அந்த மனிதர் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்குமேல் மரச்சட்டம், அதற்குமேல் தளம், அதற்குமேல் அந்த வெள்ளை. அது இறங்கினால் நாலு மணிக்கு முதல் குண்டு எங்கே வரும் என்று கணக்குப் போடப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

பெட்டிக்காரருக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருடம் கூட இருந்தவர்.

"என்ன என் மூஞ்சியையே பாக்கறே?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமலா பாக்கறே? இந்தா பாரு. என் காலைச் சாக்கா வெச்சு நீ அதை எறக்காம விட்டியோ, நாளைக்கு என் பையன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? 'உங்க வீடு எதுடா'ன்னு கேட்டா அவன் காட்ட மாட்டேங்கறான். பொறந்த வீட்டைக் காட்ட வெக்கப்படறான். இதுக்கு இந்தச் சுவர் அன்னிக்கே என் தலையில விழுந்திருக்கலாம்."

"வாயைக் கழுவுங்க."

"கழுவறேன். நீ மாடிக்குப் போ."

"போறேன். குண்டு விழுந்தா உங்களை யாரு தூக்கறது?"

"ஏன், ரெண்டு மாசமா யாரு தூக்கினா? பக்கத்துல ஒருத்தி உக்காந்திருந்தா. அது போதும்."

அவள் மூக்கைச் சீந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா, ஆவியா என்று நான் பார்க்கப் போகவில்லை. எழுந்து அலமாரியைத் திறந்து நீலக் குப்பியை எடுத்தாள். சண்டை தொடங்கியதிலிருந்து நீலம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த ஒரு குப்பியைத்தான் சொட்டுச் சொட்டாக நாலு மாதம் ஓட்டிக்கொண்டிருந்தாள். அதைக் கையில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தாள். மூடியைத் திருகி எறிந்துவிட்டு, குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து, முழுவதையும் அண்டாவில் ஊற்றினாள்.

"அக்கா, என்ன பண்றே?" என்றேன். என்னையறியாமல் கையைப் பிடிக்கப் போனேன்.

"வெள்ளையாத் தெரிஞ்சாத்தானே கொடி? விரிப்பு மாடியிலதான் காயும். வெயில் எனக்கும் சொந்தம். அவன் என்ன பீரங்கி வெச்சா வெயிலை வாங்கியிருக்கான்? வெள்ளையா மட்டும் காயாது. தூக்கிப் போடுடா உள்ள."

முதல் விரிப்பை முக்கி எடுத்தோம். திட்டுத் திட்டாக, சில இடத்தில் கடல் நீலம், சில இடத்தில் பழைய வெள்ளை. முப்பது வருடம் எதற்காக மூச்சடக்கிச் சொட்டு எண்ணினாளோ, அந்தத் திட்டெல்லாம் ஒரே துணியில் வந்து நின்றது. அவள் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"சீ, கண்றாவி. இது பத்தாது. தூரத்துலேர்ந்து பாத்தா வெள்ளைன்னே சொல்லுவான். சாயம் வேணும்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

இங்கே என் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். ஊரை விட்டுப் போனவர்களில் இருபத்து மூன்று குடும்பம் என்னை நம்பிச் சாவி கொடுத்துவிட்டுப் போயிருந்தது. என் கடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்திருந்தேன். நாலு மாதத்தில் ஒரு கதவைத் திறந்ததில்லை. பசி, குளிர், எது வந்தாலும் திறந்ததில்லை. பூட்டுக்காரன் ஒரு தடவை திறந்துவிட்டால் அப்புறம் அவன் பூட்டுக்காரன் இல்லை. தெருக்கோடிச் சாயக்கடைக்காரர் சாவியைக் கொடுக்கும்போது, "நான் திரும்பி வர்ற வரைக்கும் கடவுளே வந்து கேட்டாலும் திறக்காதே" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனவர்.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றேன்.

"நான் என் நீலத்தைக் கொட்டிட்டேன் தம்பி," என்றாள் நீலக்கா.

போய்ச் சாவியை எடுத்தேன். அந்தக் கடையைத் திறந்தேன். சாயக்கடைக்காரர் வந்து கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர் வந்தபோது சொல்லவும் சொன்னேன். அவர் என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அது வேறு கதை.

பத்தரை மணிக்கு நாலு அண்டாவும் கொதித்தன. மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு. உப்பைப் போட்டுச் சாயத்தைக் கரைத்து, நீளக் கழியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் ஏறாது. மாடியிலிருந்த அரைகுறை ஈர விரிப்புகளை ரொட்டிக்காரம்மாவும் வாத்தியார் மனைவியும் வாரிக்கொண்டு வந்தார்கள். பெரிய நர்ஸ் கிளம்பாமல் அங்கேயே முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"சிவப்பு மட்டும் எனக்கு வேண்டாம் நீலக்கா. சிவப்புல ரத்தம் கசிஞ்சா எனக்குத் தெரியாது."

நீலக்கா கழியை நிறுத்தி யோசித்தாள். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து தன் சொந்த விரிப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் கல்யாணத்துக்கு வாங்கியது, இரட்டை அகலம், ஓரம் முழுக்கக் கைத்தையல். வருடத்துக்கு ஒரு முறைதான் வெளியே வரும். அதைச் சிவப்பில் முக்கினாள்.

"ஏய், அது நம்ம கல்யாண விரிப்பு," என்றார் பெட்டிக்காரர் உள்ளேயிருந்து.

"தெரியும். நீங்க மாவுக்கட்டோட அதுல படுத்து என்ன கிழிக்கப் போறீங்க?"

அந்த ஆவிக்குள் எல்லோரும் சிரித்தோம். ரொட்டிச் சந்தில் மூன்று பேர் செத்த மறுநாள் சிரித்தோம் என்று யாராவது குறை சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். அதிகம் சிரித்தவள் ரொட்டிக்காரம்மாதான்.

வாத்தியார் எங்கே என்று தேடினேன். அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சரி, மனிதர் கோபித்துக்கொண்டார் என்று விட்டுவிட்டேன். இரண்டு மணிக்கு முதல் பத்து விரிப்போடு என் மாடிக்கு ஏறினால், அவர் தன் மாடியில் கயிற்றை அவிழ்த்து இரட்டையாக முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"குழந்தைங்களை நிலவறையில விட்டுட்டு வந்தேன்," என்றார் என் பக்கம் பார்க்காமல். "என் மாடிக்கு மஞ்சள் குடுங்க. மஞ்சள்தான் தூரத்துக்கு எடுத்துக் காட்டும்."

மூன்றரை மணிக்கு மூன்று மாடியும் நிறைந்துவிட்டது. என் மாடியில் பச்சையும் நீலமும், வாத்தியார் மாடியில் மஞ்சள், நீலக்கா மாடியின் நடுவில் அந்தப் பெரிய சிவப்பு. எல்லாம் திட்டுத் திட்டாக, ஓரம் சாயம் வடிந்து, ஒன்றுக்கொன்று பொருத்தமே இல்லாமல். மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டிலுள்ளதை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டமாதிரி இருந்தது. நீலக்கா ஒவ்வொரு விரிப்பாக இழுத்துச் சுருக்கம் எடுத்தாள். எனக்குக் கீழே இறங்க வேண்டும் என்று காலெல்லாம் துடித்தது, அவளோ கிளிப்பைச் சரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும் அக்கா, அழகு பாக்கற நேரமா இது?"

"என் கையால போனது கோணலாத் தொங்கக் கூடாது தம்பி."

ஒலிபெருக்கி ஒரு முறை கரகரத்தது. என்னவோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோனது. சொல்ல அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை போலிருக்கிறது. நாலு மணிக்கு முதல் குண்டு வந்தது.

அன்றைக்கு அரை மணி நேரத்தோடு விடவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் எங்கள் தெருவையே போட்டு அடித்தார்கள். நிலவறையில் வாத்தியாரின் கடைசிக் குழந்தை என் மடியில் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தத்துக்கும் என் காதைப் பிடித்துக்கொண்டது. எனக்கு நீலக்கா வீட்டு நினைப்புத்தான். இங்கே பத்திரமாக உட்கார்ந்திருப்பது எனக்கே பிடிக்கவில்லை. நேர் எதிரே ஒன்று விழுந்தது. ஏணியிலிருந்து மண் கொட்டியது. அது அவள் வீடுதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

சத்தம் நின்றதும் நானும் வாத்தியாரும் ஓடினோம். மாடியின் வலது மூலை இல்லை. தண்ணீர்த் தொட்டி வாசலில் கிடந்தது. முன்னறைக்குள் புழுதி, கையை நீட்டினால் கை தெரியவில்லை.

"அண்ணே," என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. "நீலக்கா."

"கத்தாதே, இங்கதான் இருக்கோம்," என்று அவள் குரல் வந்தது.

புழுதி அடங்கியபோது பார்த்தேன். கட்டிலில் அவர் மேல் ஒரு மெத்தையைப் போட்டு, மெத்தைமேல் இவள் கவிழ்ந்து படுத்திருந்தாள். இரண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை சுண்ணாம்பாக வெளுத்திருந்தார்கள். அவள் நெற்றியில் ஒரு கீறல். பெட்டிக்காரர் மெத்தைக்குக் கீழேயிருந்து தலையை நீட்டி மேசையைப் பார்த்தார். தேய்த்து அடுக்கி வைத்திருந்த பதினாறு விரிப்பும் காரையில் புதைந்து கிடந்தன.

"போச்சு. எல்லாத்தையும் திரும்பத் துவைக்கணும்," என்றார். பிறகு மனைவியின் தோளைத் தட்டினார். "எழுந்திரு. என் கால்மேல படுத்திருக்கே."

அப்போதுதான் அவள் ஓவென்று அழுதாள். நான்கு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் வந்தது. நாங்கள் வெளியே வந்து தொட்டியைப் புரட்டுகிற சாக்கில் நின்றோம். வாத்தியாரின் இடது கையில் இடிபாட்டுக் கம்பி கிழித்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது, அவரே அதைக் கவனித்திருக்கவில்லை.

நாலு மணிக்கு வருகிறோம் என்றவர்கள் வரவில்லை. பாலத்துப் பக்கம் சாயங்காலம் முழுக்கத் துப்பாக்கிச் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. இருட்டுவதற்குள் நீலக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு மாடிக்கு ஏறினாள். பாதிக் கயிறு அறுந்து போயிருந்தது. ஏழெட்டு விரிப்பில் ஓட்டை. அந்தச் சிவப்பு ஒரு முனையில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அறுந்ததை முடிச்சுப் போட்டு, விழுந்ததை உதறி, திரும்ப எல்லாவற்றையும் மாட்டிவிட்டுத்தான் இறங்கினாள்.

மறுநாள் காலையில் ரொட்டிக்காரம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். தூரத்திலிருந்தே சீட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தாள். வரும்போதே தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்ததில் சீட்டு வருவதற்குமுன் நாங்கள் எல்லோரும் வாசலில் கூடிவிட்டோம். இந்தத் தடவை நீலக்காவே கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தமாகப் படித்தாள்.

"அம்மா, காட்டிட்டேன். சிவப்பு எங்க வீடுன்னு எல்லாருக்கும் காட்டிட்டேன். நேத்து சாயங்காலம் நீ திரும்ப ஏறிக் கட்டினதை எல்லாரும் பாத்தோம். இங்க ஒருத்தனும் துப்பாக்கியைக் கீழ போடலை. அப்பாவைக் கேட்டதாச் சொல்லு. நீலம் மட்டும் திட்டு விழுந்திருக்கும்மா, இங்கேர்ந்தே தெரியுது."

தெருவே கொல்லென்று சிரித்தது. வாத்தியார் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். உள்ளேயிருந்து பெட்டிக்காரர், "என்னவாம், என்னவாம்" என்று கட்டிலைத் தட்டினார்.

நீலக்கா சிரிக்கவில்லை. சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் முகம் முழுக்கக் கோபம். வாத்தியாரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தபோது பார்த்த அதே கோபம்.

"என் வேலையில திட்டு சொல்ற அளவுக்கு வளந்துட்டானா இவன்?" என்றாள். "பூட்டுத் தம்பி, வா. ஒன்பது மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. அந்த நீலத்தை எல்லாம் எறக்கி இன்னொரு முக்கு முக்கிடலாம்."